வரவில்லை என்று வந்த செய்தி

பகலில் ரஹ்மத்துல்லா கூப்பிடுவதே கிடையாது. ஷார்ஜாவில் அவன் வேலை பார்க்கும் கிடங்கில் வேலை நேரத்தில் போனைத் தொடவிட மாட்டார்கள். அதனால் காலையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும் பத்ருன்னிசா துணியை வாளியிலேயே விட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“ஃபர்ஹா எங்க?” என்றான். சலாம்கூடச் சொல்லவில்லை.

“ஸ்கூலுக்குப் போயிட்டாளே. ஏன்?”

“நீ பாத்தியா?”

“நாந்தான பஸ் ஏத்திவிட்டேன். என்னாச்சுங்க?”

“இன்னைக்கு வரலன்னு மெசேஜ் வந்திருக்கு.”

அந்த வருடம்தான் பள்ளியில் இந்த ஏற்பாடு வந்தது. ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் தர்மராஜ் மைக் பிடித்துச் சொன்னார். இனிமேல் எந்தப் பிள்ளையும் வகுப்புக்கு மட்டம் போட முடியாது, முதல் பீரியடில் பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் உடனே பெற்றோரின் போனுக்குச் செய்தி போய்விடும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பத்ருன்னிசாவும் தட்டினாள். வெளிநாட்டு எண்ணுக்கும் போகுமா என்று கேட்டு, கணவனின் எண்ணைப் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“தப்பா வந்திருக்கும்ங்க,” என்றாள் இப்போது.

“ஒரு தடவை வந்தா தப்புன்னு சொல்லலாம். ரெண்டு மாசமா வந்துக்கிட்டே இருக்கு.”

“ரெண்டு மாசமாவா? ஏன் எங்கிட்ட சொல்லல?”

போனில் பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“நீயா சொல்றியான்னு பாத்தேன்,” என்றான்.

போனை வைத்த பிறகும் அவள் துணிக்குப் போகவில்லை. மகள் பள்ளிக்குப் போகவில்லை என்பதைவிட, இரண்டு மாதமாக இந்த மனிதன் தினமும் ‘சாப்ட்டியா, உடம்பு நல்லாருக்கா’ என்று கேட்டுக்கொண்டே மனசுக்குள் தன்னைச் சோதித்திருக்கிறான் என்பதுதான் முதலில் உறைத்தது. அப்புறம்தான் மற்றது பயமாக ஏறியது. அவர்கள் ஊரான லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பள்ளிக்கு அரை மணி நேர பஸ். வழியில் எத்தனை நிறுத்தங்கள். பத்தாம் வகுப்புப் பெண். எந்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறாள்? யாரோடு?

சாயங்காலம் ஃபர்ஹா வந்ததும் டீ கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். சீருடையில் செம்மண் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. பள்ளி வகுப்பறையில் டைல்ஸ் போட்டிருப்பார்கள். இந்த மண் எங்கிருந்து வந்தது?

“இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சு?”

“மேத்ஸ். சயின்ஸ்.”

“யார் பக்கத்துல உக்காந்த?”

ஃபர்ஹா டம்ளரைக் கீழே வைத்தாள். “சமீனா பக்கத்துலதான். எப்பவும் போல.”

சமீனா அடுத்த தெருப் பெண். இருட்டுவதற்குள் பத்ருன்னிசா அவள் வீட்டுக்குப் போய், ஏதோ நோட்டு கேட்க வந்ததுபோல் பேச்சுக் கொடுத்தாள். சமீனா தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, பிறகு தரையைப் பார்த்தாள்.

“ஃபர்ஹா இப்பல்லாம் என் பக்கத்துல உக்கார்றதில்ல மாமி.”

“வேற எங்க உக்கார்றா?”

“எங்க கிளாஸ்லயே இல்ல,” என்றாள் சமீனா. அதற்குமேல் கேட்டதற்கு, “நீங்க அவகிட்டயே கேட்டுக்குங்க மாமி,” என்று உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பத்ருன்னிசா மகளை அடித்தாள். பிறந்ததிலிருந்து அடித்ததில்லை. ஃபர்ஹா அழவில்லை. “நான் ஸ்கூலுக்குத்தான் போறேன்,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்த வகுப்பு, யார் பக்கத்தில் என்றால் வாயைத் திறக்கவில்லை. அவள் மறைக்கிறாள் என்பது நிச்சயம். என்ன மறைக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. பையைக் கொட்டினாள், ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவ்வளவு கவனமாக இருக்கிறாளா?

அதற்குப் பிறகு ரஹ்மத்துல்லா பேசும் விதமே மாறியது. மகளிடம் பேசுவதை நிறுத்தினான். “நீ அங்க என்னதான் பண்ற?” என்று மனைவியைக் கேட்டான். “பரீட்சை முடியட்டும்னு பாக்குறேன். முடிஞ்சதும் படிப்ப நிறுத்திடுவோம். நல்ல எடம் ஒண்ணு இருக்குன்னு அம்மார் சொல்றான்.”

அம்மார் ரஹ்மத்துல்லாவின் தம்பி. கடைவீதியில் செல்போன் கடை வைத்திருந்தான். அந்தப் பேச்சுக்கு மறுநாளிலிருந்து அவனுடைய கறுப்பு பைக் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நிற்க ஆரம்பித்தது. அண்ணன் மகளைக் கண்காணிக்கத்தான் என்று அவள் முதலில் நினைத்தாள். அது சரி என்றுகூடப் பட்டது. ஆனால் ஃபர்ஹாவை ஏற்றிவிட்டு அவள் மருந்துக்கடைக்குப் போனபோதும் அந்த பைக் பின்னால் வந்தது. அவள் நின்றால் நின்றது.

திரும்பி நேராக அவனிடம் நடந்தாள். “யாரப் பாக்க வந்த அம்மார்? அவளையா, என்னையா?”

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணி.”

“ஒன் அண்ணன் சொன்னாரா?”

அவன் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்தான். “ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுறதுக்கு முன்னாடி நாமளே தெரிஞ்சுக்கிறது நல்லதில்லையா?”

அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மகளின் மேல் தனக்கு என்ன சந்தேகமோ அதே சந்தேகம் கணவனுக்குத் தன் மேல் இருக்கிறது. அது எப்படி வலிக்கிறது என்று தெரிந்த பிறகும், மகளை நம்ப அவளால் முடியவில்லை. இனி யாரையும் கேட்டுப் பயனில்லை, தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் ஃபர்ஹா ஏறிய பஸ்ஸை ஒட்டியே வந்த மினி பஸ்ஸில் ஏறினாள். நெடுஞ்சாலையில் பள்ளிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, பள்ளி வாசல் தெரியும்படி ஒரு பஞ்சர் கடை ஓரமாக நின்றாள். சீருடைக் கூட்டத்துக்குள் ஃபர்ஹாவின் நடை தெரிந்தது. அவள் எங்கும் திரும்பவில்லை. நேராகப் பள்ளி வாசலுக்குள் போனாள். மணி அடித்தது, கேட்டைச் சாத்தினார்கள்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே இன்னொரு எண்ணம் வந்தது: பின்பக்கமாக வெளியே போகிறாளோ?

பள்ளியைச் சுற்றி மக்காச்சோளக் கொல்லை. வரப்பில் நடந்து பின்பக்கம் போனாள். அங்கே சுற்றுச்சுவர் இடுப்பளவுதான் இருந்தது. கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரத் தேடுறீங்க பாயம்மா?”

“எம் பொண்ணு இங்க படிக்குது. இந்தப் பக்கமா வெளிய வர்றாளான்னு பாக்க வந்தேன்.”

“எந்தப் பொண்ணு?”

“ஃபர்ஹா.”

“அட, எங்க தேவயானிகூடத்தான் இருக்கும். அதோ அந்தக் கொட்டாய்லதான் எல்லாத்தையும் உக்கார வச்சிருக்காங்க.” அவள் களைக்கொத்தை நீட்டிக் காட்டினாள். அவள் பெயர் கொளஞ்சி. வாலிகண்டபுரம் பக்கம் வீடு. மகள் தேவயானியும் பத்தாவதுதான். கூலி வேலை இந்தக் கொல்லையில் கிடைக்கும் நாட்களில் மகள் கண்ணுக்குத் தெரிவாள் என்று விரும்பி வருகிறவள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்துவதற்காகப் போட்ட தகரக் கொட்டகை. தரை போடவில்லை, செம்மண். ஏழெட்டுப் பெண்கள் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் யாரும் இல்லை. ஓரத்தில், தூணில் சாய்ந்தபடி ஃபர்ஹா.

பத்ருன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் இங்க உக்கார வச்சிருக்காங்க?”

“சரியா படிக்காத புள்ளைங்களாம். தனியா சொல்லிக் குடுக்குறாங்களாம். காலாண்டு லீவுக்கு அப்பறம் இப்புடித்தான்.”

அப்போது போன் அடித்தது. ரஹ்மத்துல்லா.

“இன்னைக்கும் வரலன்னு மெசேஜ் வந்துடுச்சு. இப்ப என்ன சொல்ற?”

அவள் அழைப்பை வீடியோவுக்கு மாற்றி, கேமராவைக் கொட்டகைப் பக்கம் திருப்பினாள்.

“என்ன இது?”

“ஒங்க மவ.”

“எங்க?”

“ஸ்கூல்ல. நான் சொவத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்.”

“இது இன்னைக்கு எடுத்ததா?” என்றான்.

நேரில் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்ட அந்தக் கேள்வியை அவள் பிற்பாடு பல நாள் மறக்கவில்லை. அப்போது கோபப்பட நேரமில்லை. “ஃபர்ஹா!” என்று சத்தமாகக் கூப்பிட்டாள். கொட்டகையில் எல்லாரும் திரும்பினார்கள். ஃபர்ஹா எழுந்து நின்றாள். தாயைக் கண்டதும் அவள் முகத்தில் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ரஹ்மத்துல்லா அழைப்பைத் துண்டித்தான்.

“எனக்கும் தெனம் போன்ல ஏதோ வருது,” என்றாள் கொளஞ்சி பக்கத்தில் வந்து. “எனக்குப் படிக்கத் தெரியாது. கம்பெனிக்காரன் அனுப்புறான்னு நெனச்சேன்.” இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். பத்ருன்னிசா வாசித்துச் சொன்னாள். ‘உங்கள் மகள் தேவயானி இன்று பள்ளிக்கு வரவில்லை.’

இருவரும் கொட்டகையைப் பார்த்தார்கள். தேவயானி முதல் வரிசையில் இருந்தாள்.

தலைமை ஆசிரியர் அறையில் தர்மராஜ் அவளை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் வரவழைத்தார். “சிஸ்டம்ல கோளாறும்மா. கிளாஸ் ரூம்ல பேரு கூப்புடுறப்ப அந்தப் புள்ளைங்க அங்க இல்ல பாருங்க. அதனால தானா ஆப்சென்ட் விழுந்துருக்கு. பாக்கச் சொல்றேன்.”

“அப்ப இத்தன மாசமும் வந்ததா மாத்திடுவீங்களா சார்?”

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார். “அதுல ஒரு சிக்கல் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தினது ஏத்தினதுதான். வருகை இவ்வளவு கொறைஞ்சா பள்ளி மூலமா பரீட்சை எழுத முடியாது. அது நாங்க போட்ட சட்டம் இல்லம்மா, மேல போட்டது. ஆனா ஒண்ணும் கவலைப்படாதீங்க. தனித்தேர்வரா எழுதலாம். ஃபர்ஹா நல்ல பொண்ணு. கணக்குதான் வரல. நிதானமா எழுதட்டுமே.”

அவர் தலைக்குப் பின்னால் வருடத்துக்கு ஒன்றாகப் பலகைகள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’. பத்ருன்னிசா அவற்றைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். தனித்தேர்வராக எழுதித் தோற்கிற பிள்ளை இந்தப் பள்ளியின் கணக்கில் வராது. அதற்குப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எழுப்பிக் கொட்டகைக்கு அனுப்பினால் போதும். மீதியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

“அவ வருகை கொறையல சார். நீங்க கொறைச்சிருக்கீங்க.”

தர்மராஜின் குரல் மாறவில்லை. “பேசுறதுக்கு முன்னாடி யோசிச்சுப் பேசுங்க. பொண்ணு மாசக்கணக்கா ஸ்கூலுக்கு வரலன்னு வெளிய தெரிஞ்சா, அவ எங்க போனா, யாரோட போனான்னுதான் ஊர் கேக்கும். எனக்கென்ன? உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அவள் தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் ஃபர்ஹாவே பேசினாள். “கொட்டாய்ல உக்கார்ற எங்கள எல்லாரும் மக்கு பேட்ச்னு கூப்புடுறாங்க. ஒங்கிட்ட சொன்னா அத்தாகிட்ட சொல்லிடுவ. அத்தா அங்கேர்ந்து எல்லாருக்கும் எம் மவ டாக்டராவான்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. எப்புடிம்மா சொல்வேன்?”

“அடி வாங்குறப்பவாச்சும் சொல்லிருக்கலாமே.”

“சொன்னேனே. ஸ்கூலுக்குத்தான் போறேன்னு சொன்னேன். நீ நம்பல.”

பத்ருன்னிசா மகளின் சீருடையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டாள்.

ரஹ்மத்துல்லா கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னாள். அவன் தர்மராஜைத் திட்டினான், பிறகு தயங்கினான். “பெரிய ஆளுங்கம்மா அவங்க. பொண்ணு பேரு அடிபடும். விட்டுடலாமா? வேணும்னா அம்மாரை அனுப்பிப் பேசச் சொல்றேன்.”

“அம்மார் வேணாம். நான் போயிக்கிறேன்.”

“தனியாவா?”

“கூட ஒருத்தங்க வர்றாங்க. யாருன்னு கேக்காதீங்க,” என்றாள். கணவனிடம் அப்படி அவள் பேசியது அதுதான் முதல் முறை.

பெரம்பலூர் கல்வி அலுவலகத்தில் அவளும் கொளஞ்சியும் மதியம்வரை பெஞ்சில் காத்திருந்தார்கள். கொளஞ்சி அன்றைய வேலையை விட்டுவிட்டு, துவைத்த புடவையில் வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்ட அதிகாரியின் பெயர் ஜெயலட்சுமி. முழுவதும் கேட்டார். முகத்தில் இரக்கம் எதுவும் காணவில்லை.

“ஒவ்வொரு வருஷமும் பரீட்சை நெருங்கினா அம்மாக்கள் வருவாங்க. எம் புள்ள தெனம் போச்சுன்னு சத்தியம் பண்ணுவாங்க. விசாரிச்சா பாதிப் புள்ளைங்க கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கும். இல்லன்னா கல்யாணமே முடிஞ்சிருக்கும். ஒங்கள மட்டும் நான் எப்புடி நம்புறது?”

பத்ருன்னிசாவுக்குக் கோபம் பொங்கியது. எத்தனை பேர்தான் தன்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்? “நீங்க எங்கள நம்ப வேணாம் மேடம்,” என்றாள். “இப்ப வண்டியெடுத்துக்கிட்டு எங்ககூட வாங்க. ஸ்கூலுக்குப் போன் பண்ணாம வாங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.”

ஜெயலட்சுமி அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். மேசையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். “வாங்க.”

ஜீப் முன்வாசலுக்குப் போகவில்லை. கொளஞ்சி காட்டிய வழியில், மக்காச்சோளக் கொல்லை ஓரமாகப் போய் நின்றது. ஜெயலட்சுமி செருப்பில் மண் ஏற வரப்பில் நடந்து, சுவர் சரிந்திருந்த இடத்தில் உள்ளே ஏறிப் போனார். தாய்மார் இருவரையும் வெளியிலேயே நிற்கச் சொன்னார். பெண்களை ஒவ்வொருத்தியாகத் தனியே அழைத்து, நேற்று என்ன எழுதினாய், முந்தாநாள் யார் வந்து சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். காலையில் ஒரு டீச்சர் வந்து எழுத வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போவார், மாலையில் வந்து வாங்கிக்கொள்வார். நடுவில் யாரும் வருவதில்லை.

பிறகு வகுப்பாசிரியை சசிகலாவை வரச் சொன்னார். வந்தவர் சுவருக்கு வெளியே நின்ற பத்ருன்னிசாவைப் பார்த்ததும் தடுமாறினார்.

“இந்தப் புள்ளைங்க தெனம் வர்றது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“அப்பறம் எதுக்கு வரலன்னு போட்டீங்க?”

சசிகலா கைக்குட்டையைச் சுருட்டினார். “ரூம்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் போடுன்னு சார் சொன்னாங்க. முதல்ல மறந்துட்டாங்கன்னு நெனச்சு ஞாபகப்படுத்தினேன். ‘உங்க வேலையப் பாருங்க’ன்னாங்க. அப்பறம் நான் கேக்கல.”

தர்மராஜ் விரைந்து வந்து கோளாறு, சிஸ்டம் என்று ஆரம்பித்தார். ஜெயலட்சுமி அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. “உள்ள போய்ப் பேசுவோம் சார்,” என்று நடந்தார்.

ஒரு வாரத்தில் அந்தப் பெண்கள் எல்லாரும் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். வருகை திருத்தப்பட்டது, பள்ளி மூலமாகவே பரீட்சை எழுத அனுமதி வந்தது. தர்மராஜிடம் விளக்கம் கேட்டார்கள் என்று சொன்னார்கள். அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஜெயலட்சுமி ஒருநாள் போனில் சொன்னார்: “வருகை கொறைவுன்னு ஒரு புள்ளைய ஒதுக்குறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையையும் தாயையும் நேர்ல வச்சு விசாரிக்கணும்னு மேல எழுதியிருக்கேன். விதியா வருமா வராதான்னு தெரியல. எனக்கு வர்ற புகாரையெல்லாம் இனிமே நேர்ல போய்தான் பாக்கப்போறேன்.”

ஊரில் பேச்சு எழாமல் இல்லை. தர்மராஜ் சொன்னபடியே, மாசக்கணக்காக வராமல் இருந்த பெண்ணாம், அம்மா போய் அழுது சரிக்கட்டினாளாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அம்மார் கடைக்கு வந்தே ஒருவர் கேட்டாராம். “எங்க அண்ணி நேர்ல பாத்தாங்க, நீ பாத்தியா?” என்று அவன் சண்டைக்குப் போனதாகக் கேள்விப்பட்டபோது பத்ருன்னிசாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் அவன் பைக் சத்தம் கேட்டால் அவள் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஃபர்ஹா பரீட்சை எழுதினாள். கணக்கில் தோற்றாள். தேவயானி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கோடையில் தேவயானி வாரம் மூன்று நாள் லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். துணைத்தேர்வில் ஃபர்ஹா கரையேறினாள்.

ரஹ்மத்துல்லா விடுமுறையில் வந்திருந்த சமயம் அது. மகளுக்கு வாட்ச், செண்ட், சாக்லேட் என்று பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தான். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, ஜஸாக்கல்லாஹ் அத்தா என்று நன்றி சொல்லி அலமாரியில் வைத்தாள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததை ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனைவியிடம் கேட்டான், “அவ எப்பவும் இப்புடித்தானா, இல்ல எங்கிட்ட மட்டுமா?”

“எங்கிட்டயும் கொஞ்சம் அப்புடித்தான்,” என்றாள் பத்ருன்னிசா.

பதினொன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில், தேவயானியோடு சேர்வதாக ஃபர்ஹாவே முடிவெடுத்தாள். சேர்க்கை அன்று ரஹ்மத்துல்லா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

ஃபர்ஹா அறையிலிருந்து வந்து அவனைப் பார்த்தாள்.

“அம்மா வரட்டும் அத்தா,” என்றாள் மெதுவாக.

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பத்ருன்னிசா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். “சரிம்மா. வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க,” என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.